பின்னத்தில் வள்ளப் பங்கு

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொல்லிக்கொடுப்பது நல்ல பிழைப்பு என்று எவனாவது சொன்னால், அவன் அந்தப் பிழைப்பைப் பார்க்காதவன். எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு டியூட்டோரியலில் நான் பார்த்தேன். பகலெல்லாம் வேலை செய்து களைத்தவர்கள் சாயங்காலம் பரீட்சைக்குப் படிக்க வருவார்கள். எங்கள் கணக்குப் புத்தகத்தை எழுதியவர் கடலையோ உப்பையோ கண்ணால் பார்த்ததற்கு அதில் அத்தாட்சி இல்லை. கரும்பலகை முன் நின்று தொண்டை கிழிந்த சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

எடையில் கை

ஆறு மூட்டை உப்பு. பெட்டிக்கு முக்கால் மூட்டை போட்டால் எத்தனை பெட்டி? எட்டு என்று விடை போட்டேன். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த கந்தசாமி எழுந்துவிட்டார். பெட்டி சின்னது, அதனால் எண்ணிக்கை கூடும் என்று படம் போட்டுக் காட்டினேன். படத்தை மேலும் கீழும் பார்த்தார்; என்னையும் அப்படியே பார்த்தார்.

"வகுத்தா குறையணும் சார். கூடுதுன்னா எவனோ எடையில கை வச்சிருக்கான்."

ஏன் என்ற கேள்வி

வகுக்கும் பின்னத்தை ஏன் தலைகீழாகத் திருப்பிப் பெருக்க வேண்டும் என்று ஒரு நாள் விளக்கத் தொடங்கினேன். டியூட்டோரியல் முதலாளி உள்ளே வந்து சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார். அவர் படித்தது சரித்திரம். கணக்கில் அவருக்குத் தெரிந்தது பாஸ், ஃபெயில் இரண்டும்தான்.

"ஏன்னு கேக்கணும்னா காலேஜுக்குப் போங்க. இங்கன பாஸாக வந்தவன் பேசாம திருப்பிப் போடுவான்."

மாமனார் கேட்பார்

திரேஸ்புரத்து அந்தோணி டேலி கிளார்க் பரீட்சைக்குப் படித்தார். துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. தரையில் நின்று செய்வது. அதுதான் அவருக்கு முக்கியம். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும், வள்ளத்தில் ஏறினால் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுப்பவர். இந்தத் தடவை ஃபெயிலானால் தன் வள்ளத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பின்னத்தை அழகாகத் திருப்பிப் போடுவார். மீன் கணக்கு வந்தால் மட்டும் விடையில் பாதி காணாமல் போகும். அவர்கள் பக்கம், பிடித்த மீனில் பாதி வள்ளத்துக்காரருக்கு, மிச்சம்தான் மற்றவர்களுக்கு. புத்தகம் வள்ளப் பங்கைக் கேட்கவே இல்லையே என்று கத்தினேன்.

"புத்தகம் கேக்கலைன்னாலும் எங்க மாமா கேப்பாரு சார்."

பன்னிரண்டு கூடை

பரீட்சையில் வந்தது இது: நாலரை குவிண்டால் மீன், கூடைக்கு எட்டில் மூன்று குவிண்டால், எத்தனை கூடை? அந்த அளவுக்குக் கூடை முடைகிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதைக் கேள்வி போட்ட மகானைத்தான் கேட்கவேண்டும். அந்தோணி திருப்பிப் போட்டிருக்கிறார், பெருக்கியிருக்கிறார், பன்னிரண்டு வந்திருக்கிறது. பிறகு நிதானமாக ஆறு என்று விடை எழுதியிருக்கிறார்.

அந்த ஒரு கணக்கில்தான் பாஸ் போனது. எனக்கு அவர்மேல் வந்த கோபம், முகத்தைப் பார்த்ததும் வருத்தமாகிவிட்டது. மறுநாள் அவர் வள்ளத்தில் ஏற வேண்டும்.

"பன்னிரண்டுதான் சார் வந்துச்சு. மாமாவுக்கு ஒதுக்காம எழுத மனசு வரல."

சக பாவிகளே, முதலாளி இல்லாத மீன் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் நீந்துகிறது, அதைப் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் கரையில் வேலை.