தகட்டைத் தொட்டுவிட்டு

மனநோயிலிருந்து தேறியவர்கள் சேர்ந்து வாழும் சாத்தூர் விடுதியில் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேதான் அந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நரைத்த மீசை, தீயில் கருகித் திரும்ப முளைக்காத இடது புருவம். தானே டீ போட்டுக்காட்டினால் அவர் தனிவீட்டுக்குப் போகலாம். ஆனால் தீப்பெட்டியைக் கண்டாலே பின்வாங்குவார்.

"இத வச்சிருந்தா கம்பெனி கேட்டுக்குள்ளயே விடமாட்டாக, டீச்சர். நீங்க உரசச் சொல்லுதீக."

"கம்பெனின்னா உள்ள போகுமுன்ன மொதல்ல என்ன செய்வீக, அண்ணாச்சி?"

செருப்பைக் கழற்றினார். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க அங்கே வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவார்களாம். அதற்குப் பதில் ஒரு பித்தளைத் தட்டை அடுப்படிக் கதவோரம் சாத்தி, தொட்டுவிட்டு உள்ளே வந்தார். குச்சியை உரசி, எட்டி நின்று அடுப்பில் காட்டினார். உடனே வெளியே ஓடிக் காதைப் பொத்திக்கொண்டார்.

அடுப்பு அமைதியாக எரிந்தது. எட்டிப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். விடுதியே சிரித்தது.

அவர் போட்ட டீ அருமை. இன்னொரு கிளாஸ் கேட்டு அடுப்படிக்குள் நுழைந்த என்னைக் கைநீட்டி மறித்தார்.

"செருப்பு, டீச்சர்."

கழற்றினேன். தட்டையும் தொட்டேன்.

அந்த மாதமே அவர் தனிவீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கப் போனால், இப்போதும் என் கை கதவோரம் எதையோ தேடுகிறது.