காத்து உள்ள வுடற கிரேஸ்

ஓரிக்கையில் கிரேஸுக்குக் காத்துக்காரம்மா என்றுதான் பேர். இருபது வருஷம் சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்தவள். மத்தியானச் சோறு தின்றதும் மேஸ்திரிகள் எந்த மூலையில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள் என்று கவனித்தே காத்தின் புத்தியைப் படித்துவிட்டாள். படித்த இன்ஜினியருக்கே அது தெரியாது, போங்கள். இப்போது ஷீட் போட்ட வீடுகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம். நிழல் விழும் பக்கச் சுவரில் தரையோரமாக ஒரு செங்கல்லை எடுப்பாள். எதிர்ச் சுவரில் கூரைக்குக் கீழே இன்னொன்று. கீழ் ஓட்டையில் ஈரக் கோணியைத் தொங்கவிடுவாள். சூடு மேலே ஏறி வெளியே போகும், குளிர்ச்சி கீழே நுழையும். ஒற்றை ஓட்டை வைத்தால் ஊதுபத்திப் புகைகூட அசையாது என்பாள்.

போன கத்திரி வெயிலில் ஐயம்பேட்டையிலிருந்து அகிலா என்கிற பெண் ஆள் அனுப்பினாள். ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி உச்சி வெயிலில் நடந்தாள் கிரேஸ். தெருவில் ஒரு இலை அசையவில்லை. அகிலாவின் வீட்டில் ஜன்னல், கதவிடுக்கு, ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து என்று எல்லாவற்றையும் பழந்துணியால் அடைத்திருந்தது. உள்ளே போனதும் மூச்சு முட்டியது. நடுவில் ஒரு தூளி. அதில் மூன்று மாசக் குழந்தை, உடம்பெல்லாம் வேர்க்குரு, அழத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

"நேத்துலேர்ந்து சரியா பால் குடிக்கலக்கா," என்றாள் அகிலா. "ஆஸ்பத்திரியில காட்டுனேன். காத்தோட்டமா வைன்றாங்க. எப்படி வைக்கிறது? இது எங்க அக்கா வடிவோட புள்ள. பெத்த பத்தாம் நாளு அவ செத்துட்டா. இதைக் கூட்டிக்கினு போவ சுத்திக்கினே இருக்கிறா. நீ காத்த வெளிய அனுப்பிடுவியாமே?"

அடக் கடவுளே, பேரைக் கேட்டுப் பேயோட்டுகிறவள் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறாள் இந்தப் பைத்தியக்காரி.

"நான் வெளிய அனுப்பறவ இல்லம்மா. உள்ள வுடறவ."

"அப்போ வேணாங்கா. கெளம்பு."

கிரேஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க அக்கா கொண்டு போறாளோ இல்லியோ, இந்த வெக்கை கொண்டு போயிடும். புள்ள வேவுது. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்த அகிலா அழுதுவிட்டாள். கடைசியில், மேலே ஒரு கல் மட்டும் எடுத்துக்கொள், கீழே கை வைக்காதே என்றாள். ஒன்றால் பிரயோஜனமில்லை என்று கிரேஸுக்குத் தெரியும். இருந்தாலும் முதலில் ஒன்று திறக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தலையாட்டினாள். கோணியை நனைத்து வர அவளைத் தெருக்குழாய்க்கு அனுப்பினாள். போகிற போக்கில் அகிலா கதவை இறுக்கிச் சாத்திவிட்டுப் போனாள்.

கிரேஸ் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். கூரையடியில் ஒரு செங்கல்லைத் தட்டி எடுத்தாள். புகை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அவள் நினைத்தபடிதான்.

அப்போது பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பினாள். புகை தாழ வளைந்து தூளியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. தூளி ஆடியது. நாலு விரற்கடை இந்தப் பக்கம், நாலு விரற்கடை அந்தப் பக்கம், பழகின கை ஒன்று ஆட்டுவது போல நிதானமாக. கதவு சாத்தியே இருந்தது. கீழே ஒரு கல்லும் எடுக்கவில்லை. காத்து நுழைய வழியே கிடையாது. இருபது வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. இயேசப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் குழந்தையின் முனகல் நின்றிருந்தது. தூங்கிவிட்டது.

அகிலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்படியே நின்றாள்.

"யாருக்கா ஆட்டுனது?"

"நான்தாம்மா," என்றாள் கிரேஸ், ஸ்டூலில் நின்றபடியே.

அகிலா ஸ்டூலைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். நடுவில் நாலு எட்டு தூரம் இருந்தது. இதோ துணியை எடுத்து மறுபடி அடைக்கப் போகிறாள், இந்தப் பிள்ளை பிழைக்காது என்று கிரேஸ் பயந்தாள்.

அகிலா குனிந்து குழந்தையின் நெஞ்சில் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"கீழயும் எடுத்துடுக்கா," என்றாள். "பெத்தவ. புள்ளைய பாக்க வேற எங்க போவா?"