நங்கூர மார்க் ட்ரம்பெட்

1. மௌத்பீஸ் மட்டும் மிஞ்சியது

ட்ரம்பெட் கடலுக்குள் விழும்போது பெரிய சத்தம் ஒன்றும் வராது. 'ப்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். காதால் கேட்டவன் சொல்கிறேன்.

என் பெயர் மரியான். திருகோணமலையில் வள்ளம் திருத்தும் பட்டறை ஒன்றில் பைப் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கோயில் பாண்டில் முப்பத்தைந்து வருசமாக முதல் ட்ரம்பெட்டும் நான்தான். கலியாணம், செத்தவீடு, திருநாள் எல்லாவற்றுக்கும் ஊதியிருக்கிறேன். பாண்டில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு எங்கள் பாண்ட் லீடர் அல்பிரட் மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சொல்கிற கதையில் நான் முழு மடையன். உண்மையில் நான் அரை மடையன்தான். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

மாதா திருநாளின் கடைசி நாள் மாதா சிலை நிற்கிற கூட்டை வள்ளத்தில் ஏற்றிக் குடாவைச் சுற்றி வருவோம். அந்த முதல் வள்ளத்தின் அணியத்தில், முன் நுனியில், என் இடம். புறப்படுவதற்கு முன்னால் எல்லா வள்ளங்களும் எஞ்சினை நிறுத்த வேண்டும். கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்காக நான் தனியாக ஒரு மெட்டு வாசிப்பேன். கடைசி வள்ளத்துக்கும் கரையில் நிற்கிற பெண்களுக்கும் அது கேட்க வேண்டும். மைக் கிடையாது. மெட்டு முடிந்த பிறகுதான் எஞ்சின்கள் திரும்பவும் ஸ்டார்ட் ஆகும்.

ட்ரம்பெட்டுக்குள் எச்சில் தண்ணீர் சேரும். வாட்டர் கீயைத் திறந்து அதை வெளியே விடாவிட்டால் சத்தம் கொறகொறக்கும். தரையில் நின்றால் காலடியில் விடலாம். மாதா நிற்கிற வள்ளத்துக்குள் எச்சிலை விடுவதா? எங்கள் பாண்டில் ஒருவனும் விடமாட்டான். கடல் பக்கம் நீட்டித்தான் விடுவோம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். வாயில் வைக்கிற மௌத்பீஸைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் ட்ரம்பெட்டை வெளியே நீட்டி ஓர் உதறு உதறினேன். அந்த நேரம் பார்த்து வள்ளம் ஆடியது. இடது கையில் மௌத்பீஸ் இருந்தது. வலது கையில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கிறவர் பின்னால் எங்கோ ஒரு வள்ளத்தில் இருந்தார். அவரைக் கூப்பிட்டு எடுக்க வழி இல்லை. பிறகு அல்பிரட் மாஸ்டர் கையைக் காட்டினார், எஞ்சின்கள் ஸ்டார்ட் ஆகின. மெட்டு இல்லாமலே மாதா புறப்பட்டார்.

அடுத்த நாள் சங்கு குளிக்கிற பொடியன் ஒருவனைக் கெஞ்சிப் பார்த்தேன். "அண்ணே, அந்த ஆழத்துக்குள்ள கப்பல் மூழ்கினாலே தேட ஏலாது. நீங்க ஊதுற குழலைத் தேடச் சொல்றியள்" என்றான்.

அது கூடப் பரவாயில்லை. செலஸ்தீனா அக்கா வீட்டுக்கு வந்தார். அவருடைய மனுசன் அந்தோனி அண்ணன் கடலுக்குப் போய் வராமல் விட்டுப் பல வருசம். ஒவ்வொரு திருநாளுக்கும் அக்கா கரையில் அந்த மெட்டுக்காகத்தான் நிற்பார். அவர் என்னை ஏசவில்லை. "இந்த முறை அவருக்கு ஒண்டும் கேக்கேல்லை, மரியான்" என்று மட்டும் சொன்னார். நாலு அடி அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

2. ஒரு வருசம் படம் பார்த்தேன்

"இன்னொண்டு வாங்கினால் போச்சு" என்று நீங்கள் சொல்வீர்கள். வாங்கினேன். பளபளவென்று புதுசு. கடற்கரையில் நின்று ஊதிப் பார்த்தேன். பக்கத்தில் நிற்கிறவன் காதைப் பொத்தினான், நூறு யார்டு தள்ளி நின்றவன் "எப்ப தொடங்கப்போறீங்கள்?" என்று கேட்டான்.

என்னுடைய பழையது வேறு சாதி. குழாய் பித்தளை, சத்தம் வெளியே வருகிற வாயான பெல் மட்டும் செம்பு. பெல்லின் கழுத்தில் ஒரு சின்ன நங்கூரம் குத்தியிருக்கும். அதனால் நாங்கள் அதை நங்கூர மார்க் என்போம். அதன் சத்தம் காதைக் குத்தாது, நெஞ்சில் வந்து முட்டும். காற்று எதிரே அடித்தாலும் உடையாமல் போகும். கொம்பனி அந்த மொடலை நிறுத்திப் பல காலம். ஏன் நிறுத்தினான் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

அல்பிரட் மாஸ்டர் நேராகவே சொல்லிவிட்டார். "மரியான், வாற திருநாளுக்கு அந்தச் சத்தம் இல்லையெண்டால் வள்ளத்தில ஸ்பீக்கர் பொக்ஸ் ரெண்டைக் கட்டி றெக்கோட் போடுவம். எனக்கும் விருப்பமில்லை. வேற வழி என்ன?"

பொக்ஸில் றெக்கோட்! அந்தோனி அண்ணனுக்கு! எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் மனுசன் சொன்னதில் பிழை இல்லை.

பேஸ்புக்கில் தேடினேன். ஊர் ஊராகப் பாண்ட்காரருக்கு டெலிபோன் எடுத்தேன். பெல் சிவப்பாக இருக்கிற படம் எதைக் கண்டாலும் போட்டவரிடம் விசாரிப்பேன். கொழும்பில் ஒருவர் "அதே மொடல் ஐயா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றார். பஸ் ஏறிப் போனேன். கண்ணை மூடவில்லை, நகத்தால் சுரண்டினேன். சிவப்பு பெயின்ற் கழன்று கையோடு வந்தது. வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். என் மனுசி றெஜினா கதவைத் திறந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

3. எஞ்சினுக்குள் தலை இருந்தபோது

திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் ஒருவர் தன் வள்ளத்து எஞ்சினுக்குக் கூலிங் பைப் மாற்றக் கூப்பிட்டார். ஓய்வு பெற்றாலும் கூப்பிட்டால் போவேன். காலையில் போய்ப் பழைய பைப்பைக் கழற்றிப்போட்டு, எஞ்சினுக்குள் தலையை விட்டபடி குனிந்திருந்தேன்.

ரோட்டில் 'பூ... பூ...' என்று இரண்டு ஊதல் கேட்டது.

என் கையில் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. சுருதி இறங்கித்தான் இருந்தது. ஊதினவனுக்கு ஊதவும் தெரியவில்லை. ஆனால் சத்தத்தின் அந்த உடம்பு, அந்தத் தடிப்பு! முப்பத்தைந்து வருசம் என் உதட்டில் இருந்த சத்தம் எனக்குத் தெரியாதா?

எழும்பி ஓடினேன். வள்ளக்காரர் பின்னால் கத்தினார். "பைப்பைக் கழட்டிப்போட்டு எங்க ஓடுறியள்? ஏய் மரியான் அண்ணே!"

"இந்தா வாறன்!" என்று என் மோட்டச்சைக்கிளை உதைத்தேன். அவருடைய பைப்பை அடுத்த நாள்தான் பூட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோப்பூர் ரோட்டில் பிடித்தேன். ஒரு மோட்டச்சைக்கிள், பின்னால் மீன் பெட்டி, நாலைந்து பெண்கள் சட்டியோடு சுற்றி நின்றார்கள். மீன்காரருக்கு என் வயதளவு இருக்கும். மூதூர்க்காரர், பெயர் ஜுனைதீன். கழுத்தில் கயிறு கட்டி, மார்பில் ட்ரம்பெட் ஒன்று தொங்கியது.

"வாங்கண்ணன், பாரை இருக்கு, சூடை இருக்கு. என்ன போடட்டும்?"

"மீன் வேண்டாம் நாநா. கழுத்தில கிடக்கிறதை ஒருக்காக் காட்டுங்கோ."

என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் கழற்றித் தந்தார். வால்வ் மூன்றும் இறுகிப்போய், மூன்றாவது அமுங்கினபடியே நின்றது. சுருதி இறங்கியதற்குக் காரணம் அதுதான். பெல்லை நகத்தால் சுரண்டினேன். செம்பு. கழுத்தில் மீன் செதிள் காய்ந்து ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். நங்கூரம்!

எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டியோடு நின்ற பெண் ஒருத்தி மற்றவளிடம், "பாவம், மீன்ட விலையக் கேட்டுட்டார் போல" என்றாள்.

ஜுனைதீனின் வாப்பா பழைய இரும்புக்காரரிடம் எப்போதோ அதை எடுத்தாராம். கடலில் விழுந்த என்னுடையது இல்லை, அதே நங்கூர மார்க்கில் இன்னொன்று. விசயத்தைச் சொல்லி, என்ன வேண்டுமென்றாலும் தருகிறேன், எனக்குத் தாருங்கள் என்றேன்.

"காசக் கதைக்காதீங்கண்ணன். இந்த ரோட்டால பத்துப் பேர் மீன் கொண்டு வாறாங்க. எல்லார்ட்டயும் பாம் பாம் ஹோன்தான். இந்தச் சத்தம் கேட்டாத்தான் ஜுனைதீன் வந்துட்டான் எண்டு பொம்பளையள் சட்டிய எடுப்பாங்க. இதத் தந்துட்டு நான் வாயால கூவவா?"

எனக்குச் சூடு ஏறிவிட்டது. "நாநா, இது மீனுக்கு ஊதுற சாமானா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு வருசத்துல ஒரு நாள் வேணும். எனக்கு ஒவ்வொரு நாளும் வேணும்" என்றார்.

பாரை ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

4. ஐஸ்கிறீம் எங்கே?

அடுத்த நாள் விடிய என் புது ட்ரம்பெட்டோடு போய் நின்றேன். "இதை வைச்சுக்கொண்டு அதைத் தாங்கோ. இது புதுசு."

ஜுனைதீன் நியாயமான மனுசன். "பாப்பம்" என்று என்னைப் பின்னால் ஏற்றினார். பெரிய ரோட்டை விட்டு இறங்கி முதல் ஒழுங்கையில் ஊதினார். ஒரு கதவும் திறக்கவில்லை. இரண்டாவது ஒழுங்கையில் ஊதினார். படபடவென்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி மீன் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கி, "ஐஸ்கிறீம் எங்க?" என்றாள்.

ஜுனைதீன் சிரித்த சிரிப்பில் மோட்டச்சைக்கிள் சரியப் பார்த்தது. எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிரித்து முடிய அவர் சொன்னார்: "அண்ணன், உங்களுக்கு அந்தச் சத்தம் எப்பிடியோ, எனக்கும் அப்பிடித்தான். பிழையா நினைக்காதீங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. இவருக்கு வேண்டியது ட்ரம்பெட் இல்லை. ஒரே ஒரு சுரம். அதற்கு ஒரு பைப்பும் ஒரு பெல்லும் போதும். நான் யார்? பைப் ஃபிட்டர்!

5. செம்புக் குழாய்

மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ட்ரம்பெட்டை நூல் பிடித்து அளந்தேன். மூன்றாவது வால்வ் அமுங்கி நிற்கிறதால் அந்த ஸ்லைடுக் குழாயின் நீளத்தையும் சேர்த்து அளந்தேன். குழாயின் அகலம், பெல்லின் வாய், எல்லாவற்றையும் பீடிக் கட்டுத் தாளின் பின்பக்கம் குறித்தேன்.

பட்டறையில் பழைய செம்புப் பைப் எடுத்தேன். மணல் நிரப்பிச் சூடாக்கி மூன்று மடிப்பு வளைத்தேன். செம்புத் தகட்டை மர அச்சில் அடித்து பெல் செய்தேன். முதலில் செய்தது கன்று ஈனும் மாடு மாதிரிக் கத்தியது. பட்டறைப் பொடியன்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பெல்லின் கழுத்தைச் சீக்கிரமாக விரித்துவிட்டேன் என்று விளங்கியது. கழுத்தை நீட்டி இரண்டாவதை அடித்தேன். தகடு தடிப்பு என்று தெரிந்ததும் மூன்றாவது. மூன்றாவதை ஊதியபோது பொடியன்கள் சிரிக்கவில்லை.

ஜுனைதீன் தன் மௌத்பீஸை அதில் செருகி ஊதிப் பார்த்தார். "மூணு நாள் கொண்டு திரியுறன். என்ட ஆக்கள் சொல்லட்டும்" என்றார்.

முதல் நாள் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பிள்ளை பெறப் போன மனுசிக்காக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. தோப்பூரில் முதல் ஒழுங்கை. 'பூ... பூ...' ஒன்றும் நடக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கேற் கிறீச்சிட்டது. ஒரு பெண் சட்டியோடு வந்து, "என்ன நாநா, இண்டைக்கு நேரத்தோட வந்துட்டீங்க? சூடை இருக்கா?" என்றாள்.

குழலை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆகா! என் வாழ்க்கையில் எத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள். அந்தச் சட்டிக்கு ஒன்றும் ஈடாகாது. அவளுக்குப் பின்னால் இன்னொரு கேற், இன்னொரு சட்டி. நான் ஜுனைதீனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

மூன்றாம் நாள் ஒரு வயதான உம்மா, "சத்தம் கூடிப் போச்சு, உடம்பு நல்லா இருக்குப் போல மகன்" என்றாராம். ஜுனைதீன் நங்கூர மார்க்கைப் பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார். "உங்கட திருநாளுக்கு நானும் வருவன். இதுல என்னதான் ஊதுறீங்க எண்டு கேக்கோணும்."

"கட்டாயம் வாங்கோ நாநா."

வால்வ்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். இரண்டாம் நாள் மூன்றாவது வால்வ் துள்ளி மேலே வந்தது. ஒரு வருசமாகச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த என் மௌத்பீஸைச் செருகி ஊதினேன். றெஜினா அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடி வந்தார். "வந்திட்டுதப்பா! அதேதான்!" என்று கத்தினார்.

6. முதல் வள்ளம்

திருநாள் அன்று அல்பிரட் மாஸ்டர் "எதுக்கும் கிடக்கட்டும்" என்று இரண்டாவது வள்ளத்தில் பொக்ஸ் கட்டியிருந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அணியத்தில் ஏறினேன். ட்ரம்பெட்டை மீன் பிடிக்கிற நைலோன் நூலான தங்கூசியால் என் மணிக்கட்டோடு கட்டியிருந்தேன். நாலு மடிப்பு. பெரிய சுறாவுக்கும் அறாது.

எஞ்சின்கள் நின்றன. காற்று எதிரேதான் அடித்தது. முதல் சுரத்தை எடுத்தேன். அது போனது. உடையாமல், கிழியாமல், வள்ளங்களுக்கு மேலால் கரைக்குப் போனது. நான் வாசிக்கவில்லை, அதுதான் என்னை வாசித்தது என்றுகூடச் சொல்வேன். கடைசிச் சுரம் முடிந்ததும் ஆகக் கடைசியில் நின்ற வள்ளம்தான் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியது. அதுவரைக்கும் கேட்டிருக்கிறது! இரண்டாவது வள்ளத்தில் இருந்த அல்பிரட் மாஸ்டர் எழும்பிப் போய்ப் பொக்ஸின் வயரைத் தன் கையால் கழற்றினார்.

கரைக்கு வந்தபோது ஜுனைதீன் தொப்பியோடு நின்றார். "அண்ணன், இத என்ட கழுத்துல வச்சிக்கிட்டா இவ்வளவு காலமும் ரெண்டு ஊதல் ஊதினன்?" என்று தலையில் கை வைத்தார்.

செலஸ்தீனா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தங்கூசியை அவிழ்த்துக் கொடுத்தேன், ட்ரம்பெட்டைக் குழந்தையை ஏந்துவதுபோல் பிடித்தார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"மரியான், இதில மீன் மணக்குதடா."

"கழுவினனான் அக்கா. போகுதில்லை. இன்னொருக்காக் கழுவுறன்."

"கழுவாதை" என்றார் அக்கா. "அவரும் இப்பிடித்தான் மணப்பார். இண்டைக்கு அவருக்கு நல்லாக் கேட்டிருக்கும்."

பாண்டில் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு சத்தத்தைத் தேடப் போய் ஒரு வருசம் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வீட்டிலிருந்து குடாவுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு நாளும் ஊதிக்கொண்டு திரிந்தது. காதால் தேட வேண்டியதைக் கண்ணால் தேடாதீர்கள். கிடைத்தால், அது யாருடைய கழுத்தில் தொங்குகிறதோ அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். எச்சில் தண்ணீரைக் கடல் பக்கமே விடுங்கள், ஆனால் தங்கூசியைக் கட்டிக்கொண்டு விடுங்கள்.

அதற்குப் பிறகு ட்ரம்பெட்டை நான் கழுவவே இல்லை.