ஆடிக்கு முன்னால் மாற்றிய வேலை

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, மாமியார், மனைவியின் தம்பியான என் மச்சான், கேஸ் சிலிண்டர் போட வந்தவர். அந்த ஐந்தாவது ஆள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பின்னால் நடந்த எதுவுமே நடந்திருக்காது என்று இன்றும் தோன்றுவதால்தான் இப்படிக் கணக்காகச் சொல்கிறேன். மச்சான் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை. அது தொங்கிய நீல நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றவன், "பேப்பர் போட்டுட்டேன்" என்றான். வேலையை ராஜினாமா செய்துவிட்டான் என்பது என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். ஒரு பட்டறையில் செய்த இரும்புச் சாமானை இன்னொரு பட்டறையில் இறக்குவது தொழில். சரக்கை ஏற்றிக் கயிறு கட்டிய பிறகும் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் எனக்கு ஸ்டியரிங் பிடிக்க வரும். "இன்னா அண்ணாத்தே, லோடு எறங்கி ஓடிப்பூடுமா?" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில், பெரிய கார் கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஜினியராக இருந்த ஒரே ஆள், அதையும் தானாகவே விட்டுவிட்டு வந்து நிற்கிறான். அதுவும் எம்.பி.ஏ. படிக்கப் பெரிய பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பம் போடப்போகிற நேரத்தில்.

"பொண்ணு பாக்க வர்ற நேரத்துல எவனாவது ஊடு மாத்துவானாடா?" என்று கேட்டேன்.

"அங்க நானூறு பேர்ல நான் ஒருத்தன், மாமா. பட்டறவாக்கத்துல ஒரு சின்ன கம்பெனி, என் கீழ ஒரு டீமே குடுக்கறாங்க. நீ யாரை நடத்தியிருக்கேன்னுதான் அந்த ஸ்கூல்ல கேப்பாங்க. இன்னும் ரெண்டு மாசம் நோட்டீஸ், முடிச்சிட்டு அங்க போயி சேர்ந்துடுவேன்."

சமையலறையில் சிலிண்டரை உருட்டி நிறுத்திக்கொண்டிருந்தவர் அப்போதுதான் எட்டிப் பார்த்தார். "ரெண்டு மாசம்னா நடு ஆடில இல்ல வருது தம்பி? ஆடில எவனாச்சும் புது வேலைக்குப் போவானா? கேட்டுச்சு, சொன்னேன், தப்பா நெனச்சுக்காத." ரெகுலேட்டரை மாட்டி, கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னது மாமியாரிடம் தங்கிவிட்டது. ஆடி பிறப்பதற்கு முன் சேர வேண்டும், இல்லையென்றால் ஆவணியில் சேர வேண்டும். இதில் அவருக்கு மூன்றாவது வழியே கிடையாது. புதுக் கம்பெனிக்காரர்களோ ஆவணி வரை காத்திருக்க முடியாது என்றார்கள். மாமியார் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மச்சான் நோட்டீஸ் காலம் முடியாமலே, ஆனி கடைசியில் ஒரு நல்ல நேரம் பார்த்து, பழைய கம்பெனியிலிருந்து கிளம்பிப் புதியதில் சேர்ந்துவிட்டான். அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நாடாவை யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இவனை வேலை வாங்கிய மேலதிகாரி ஒருவர் இவனைப் பற்றி எழுதி, அந்த ஸ்கூலுக்கே நேராக அனுப்ப வேண்டும். புது முதலாளிக்கு இவன் முகமே இன்னும் பழகவில்லை. பழைய மேனேஜரோ கோபத்தில் இருந்தார். மச்சானுக்குத் தனியாகப் போகத் துணிவில்லை; ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் இருந்த அவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். போகிற வழியெல்லாம், வண்டியை அவர் வாசலில் நிறுத்தலாமா, தள்ளி நிறுத்தலாமா என்பதே எனக்குப் பெரிய கவலை. தள்ளி நிறுத்தினேன்.

மேனேஜர் எங்களை உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். ஆனால் குரல் இறங்கவில்லை. "பாதி நோட்டீஸ்ல ஓடினவன்னு ஆபீஸ்ல உன் பேர்ல எழுதி வெச்சிருக்காங்க. அது அப்படியே இருக்கறப்ப, இவன் பொறுப்பானவன்னு நான் எப்படிப்பா கையெழுத்து போடறது? குறைஞ்ச நாளுக்கு உண்டான பணத்தைக் கட்டு. விடுவிப்புக் கடிதம் வாங்கு. அப்புறம் எழுதறேன்." மச்சான் எழுந்து நின்று, ஆடி மாசம் என்று ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்க ஊட்லயும் அம்மா இருந்தாங்கப்பா. நான் நோட்டீஸ முடிச்சிட்டு, ஆடிலதான் சேர்ந்தேன். அவங்க மூணு மாசம் எங்கிட்ட பேசல. இருந்தும் சேர்ந்தேன்."

இருபத்தேழாயிரம் கட்ட வேண்டும். மச்சானின் கையிருப்பு நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் போய்விட்டிருந்தது. என்னிடம் இருந்தது குட்டியானையின் எஃப்.சி.க்கு வைத்திருந்த பணம். வண்டி ஓடத் தகுதியானது என்று அரசாங்கம் தரும் அந்தச் சான்று முடிய ஒரு வாரமே இருந்தது. பெயின்ட், டயர், பிரேக் எல்லாம் செய்தால்தான் அது கிடைக்கும். அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. மழைக்காலம் முடியும் வரை இன்னொருவர் வண்டியைத் தினக்கூலிக்கு ஓட்டினேன். அந்த வண்டியின் கயிற்றையும் இறங்கி இறங்கி இழுத்துப் பார்த்தேன்.

மேனேஜர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் என்ன எழுதினார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் வழியாக நேரே அங்கே போய்விட்டது. 'ஓடிப்போனவன், இருந்தாலும் நல்லவன்' என்று எழுதியிருப்பாரோ? 'நல்லவன், இருந்தாலும்' என்று எழுதியிருப்பாரோ? வேறு வேலையாக இருக்கும்போதுகூட இது திடீரென்று வந்து நிற்கும்.

நேர்முகம் முடிந்ததும் மச்சான் போன் செய்தான்.

"ஏன் அவசரமா வேலை மாறினேன்னு கேட்டாங்க மாமா. ஆடி மாசம்னு உண்மையச் சொல்லிட்டேன். சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா? எப்பிடி சிரிச்சாங்க?"

"எப்பிடின்னா? சிரிச்சாங்க."

"வாய மூடிக்கினு சிரிச்சாங்களா, தொறந்துகினா?"

"மாமா, போன வெய்யி."

இடம் கிடைத்தது. கடனும் கிடைத்தது. வடக்கே போய்ப் படித்து முடித்து, இப்போது மும்பையில் ஏதோ பெரிய உத்தியோகம். என்ன வேலை என்று அவன் விளக்கும்போதெல்லாம் தலையாட்டுவேன். போனில் தலையாட்டுவது அவனுக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்த மாதத்திலிருந்து, அந்த இருபத்தேழாயிரத்துக்காக எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்புகிறான். அனுப்பியதும் ஒரு போன் வரும். "வந்துச்சா மாமா?" என்பான். "வந்துச்சு" என்பேன். அதன் பிறகு அரை மணி நேரமாவது பேசுவோம். ஒரே நாளில் மொத்தத்தையும் அனுப்ப முடிந்தவன்தான் அவன். அது எனக்கும் தெரியும். நான் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. மற்ற நாளில் அவனுக்குப் போன் செய்தால் மீட்டிங் என்று செய்திதான் வரும்.

போன வாரம் பேசும்போது, வேறு வேலைக்கு மாறலாம் என்று நினைப்பதாகச் சொன்னான். "இந்த வாட்டி நோட்டீஸ முழுசா முடிச்சிட்டுத்தான் மாமா" என்றான். பேசிக்கொண்டே நான் எழுந்து காலண்டரில் ஆடியைத் தேடினேன். அந்த நீல நாடா அந்தக் காலண்டர் ஆணியில்தான் தொங்குகிறது. மாமியார் அதில் கிரில் கேட்டின் சாவியைக் கோத்து வைத்திருக்கிறார். பழைய கம்பெனியின் பெயர் பாதி அழிந்துவிட்டது. அதை விரலில் சுற்றிக்கொண்டே, மனதுக்குள் மறுபடியும் கழித்துப் பார்த்தேன். இந்த மாதத்தோடு பதினாறாயிரம் வந்திருக்கிறது.

பாக்கி பதினோராயிரம்.