வெள்ளை டப்பா: திருச்செங்கோட்டில் எங்கள் வேனுக்கு நடந்த சர்வீஸ்

கேம்பர் வேனில் போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஊர்களைப் பற்றி அல்ல. வழியில் வண்டியை எங்கே சர்வீஸ் விடுகிறீர்கள், எவ்வளவு ஆகிறது என்பதைத்தான் கேட்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் போகிறவர்களுக்கு என் பதில் இது. நல்ல பதிலாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவி மாலதியும் திருச்சியிலிருந்து கிளம்பினோம். எங்களுடையது எட்டு வருடப் பழைய பன்னிரண்டு சீட் டீசல் வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், அடுப்பு, தொண்ணூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். இளம்பிள்ளையில் மாலதிக்குச் சேலை வாங்க வேண்டும், பிறகு ராசிபுரம் வழியாகக் கொல்லிமலை ஏற வேண்டும். இதுதான் திட்டம். எஞ்சின் ஆயில் மாற்றிப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகியிருந்தது. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல். மலை ஏறுவதற்கு முன் சமவெளியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட நினைத்தோம்.

சேலத்தில் கம்பெனி சர்வீஸ் நிலையம் ஒன்றில் முதலில் கேட்டோம். பதினான்காயிரத்து எண்ணூறு ரூபாய், நான்கு நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கூரையில் நாங்கள் வைத்திருக்கும் காற்றுப்போக்கி அவர்களுடைய ஷெட்டின் வாசலில் இடிக்கும் என்பதையும் அளந்து பார்த்துச் சொன்னார்கள். உயரம் கூட்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

லாரிகளின் ஊருக்கே போய்விடலாம் என்று திங்கட்கிழமை காலை சங்ககிரிக்கு வந்தோம். எங்கள் மீட்டரில் 38 கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் எஞ்சின் வேலை பார்க்கும் பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, இது வண்டியா ஊடா?"

"ரெண்டும்தான்."

"அப்ப ஊட்டு வரியும் கட்டறீங்களா, ரோட்டு வரியும் கட்டறீங்களா?"

சிரித்துவிட்டு, தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அங்கே வண்டியின் அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழிகள் லாரியின் அகலத்துக்கு வெட்டியவை. எங்கள் வேனை ஏற்றினால் சக்கரம் குழிக்குள் விழும். "திருச்செங்கோட்டுக்குப் போங்க. ரிக்கு வண்டிப் பட்டறையில சின்ன வண்டியும் பாப்பாங்க," என்று வழி சொன்னார். பதினோரு கிலோமீட்டர்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. இங்கிருந்து கிளம்பி இந்தியா முழுக்கப் போய்த் துளை போட்டுவிட்டு வருகிறார்கள். அந்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் ஊருக்கு வெளியே வரிசையாக இருக்கின்றன. அப்படி ஒன்றில் செல்வராசுவைச் சந்தித்தோம் (பெயரை மாற்றியிருக்கிறேன்). நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரும் அவருடைய மச்சானும் சேர்ந்து நடத்தும் பட்டறை. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்ட்டர், டீசல் ஃபில்ட்டர், கிரீஸ், பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து முந்நூறு ரூபாய். அன்றைக்கே முடித்துத் தருவதாகச் சொன்னார்.

நல்ல வேலைக்காரர். சக்கரங்களைக் கழற்றி பிரேக் கட்டைகளை என்னிடம் காட்டினார். பழைய பிரேக் ஆயிலை நான்கு சக்கரத்திலும் வடித்து எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். ஊற்றிய டப்பா வெள்ளை நிறத்தில் ஒரு லிட்டர் டப்பா. அதில் பிரேக் ஆயில் என்று கம்பெனி லேபிள் ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தேன். மூடியில் சீல் இருந்ததா என்று பார்க்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தோம். செவ்வாய்க்கிழமை இளம்பிள்ளை போய்ச் சேலை வாங்கித் திரும்பியபோது பெடல் கொஞ்சம் கெட்டியாக இருப்பதாகத் தோன்றியது. புது ஆயில், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் மல்லசமுத்திரம் தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினால் முன் சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை. கிட்டப் போக முடியாத சூடு. மணி ஒன்று நாற்பது. செல்வராசுவுக்குப் போன் செய்தேன். "அங்கயே நில்லுங்க சாமி, வாரேன்," என்றார். இரண்டரைக்குள் பைக்கில் வந்துவிட்டார்.

பானெட்டைத் தூக்கி, எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பிரேக் ஆயில் குப்பியின் மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருக்கும் ரப்பர் இரண்டு பங்காக ஊதி, நெளிந்து மடிந்திருந்தது. விரலை விட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு மாலதியிடம், "ஒரு டம்ளர்ல தண்ணி குடுங்கக்கா," என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து அவள் சொம்பும் டம்ளருமாகக் கொண்டுவந்தாள். அவர் டம்ளரில் விரலை உதறினார். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கலந்துவிடும். இது பொட்டுப் பொட்டாக மேலே மிதந்தது.

"ஹைட்ராலிக் ஆயிலுங்க," என்றார். "ரிக்குக்கு ஊத்தறது."

அந்தப் பட்டறைகளில் ஹைட்ராலிக் ஆயிலை பேரல் பேரலாக வாங்குகிறார்கள். அவ்வப்போது ஜாக்கிக்குக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். அதற்குக் கைக்கு அடக்கமாக ஒரு டப்பா வேண்டும். காலி டப்பாவை யாரும் எறிவதில்லை. எந்த டப்பா கிடைக்கிறதோ அதில் பிடித்து வைப்பார்கள். இவருடைய மச்சான் காலியான பிரேக் ஆயில் டப்பாவில் பிடித்து, அதே அலமாரியில் வைத்திருக்கிறார். அந்த ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர்கள் ஊதிவிடும். பிரேக் விடாமல் பிடிக்கும், சூடேறும், கடைசியில் பெடல் தரை வரைக்கும் போகும். ஊற்றும்போதே அதன் வாடை செல்வராசுவுக்குத் தெரியாதா என்றால், நாள் முழுக்க அவர் கையில் இருப்பதே அந்த வாடைதான்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். சாலை ஓரத்தில் அப்படியே குந்தினார்.

"போன வாரம் ஒரு பள்ளிக்கூட வேனுக்கும் ஊத்தினனுங்க. ஆயிலு குறைஞ்சிருக்குதுன்னு அதோட டிரைவரு வந்தான். அந்த டப்பாவுலதானுங்க ஊத்தினேன்."

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"நேத்துப் போன் பண்ணினான். பெடல் கெட்டியா இருக்குதுங்ணான்னான். ஞாயித்துக்கெழமை கொண்டான்னு சொல்லிட்டேன்."

பள்ளி மூன்றே முக்காலுக்கு விடும். அப்போது மணி மூன்று பத்து. டிரைவருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. பள்ளி அலுவலகத்துப் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. மாலதி, "நான் வண்டிகிட்ட இருக்கேன், நீங்க போங்க," என்றாள். செல்வராசு பைக்கை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு வந்தேன். பள்ளி வாசலை அடைந்தபோது மணி மூன்று ஐம்பது. வேன் கிளம்பிவிட்டிருந்தது.

"வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டானுங்க," என்றார் செல்வராசு. "அத்தனை சுத்தமா ஓட்டுவான்."

வேன் போகும் வழி அவருக்குத் தெரியும். ஏரிக்கரை மேலே ஏறி, கரையிலிருந்து சரிவாக இறங்கி மெயின் ரோட்டில் சேரும் வழி. அந்த ரோட்டில் லாரிகள் நிற்காமல் போகும். செல்வராசு பைக்கை அந்த வழியில் திருப்பினார்.

சரிவு முடியும் இடத்துக்கு இருநூறு அடி முன்னால், வலது பக்கம் மரவள்ளிக் காட்டுக்குள் அந்த மஞ்சள் வேன் மூக்கைக் குத்தி நின்றது. கிழங்குச் செடிகள் இரண்டு வரிசை நீளத்துக்கு முறிந்து கிடந்தன. வரப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிறுமியின் இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. அவள் அழவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பையனுக்கு உதடு கிழிந்திருந்தது. மற்றவர்களுக்குக் காயம் இல்லை. பெடல் தரைக்குப் போனதும் டிரைவர் ரோட்டில் சேராமல் காட்டுக்குள் திருப்பியிருக்கிறார்.

அவரைச் சுற்றி இருபது பேர். சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன. நெற்றியில் ரத்தம்.

"குடிச்சுப்போட்டுத்தான ஓட்டினே? ஊதிக் காட்டுடா!" ஒருவர் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"குடிக்கலீங்க, பிரேக்கு புடிக்கலீங்க."

"தூங்கிட்டு பிரேக்குங்கறான் பாரு. என்ற புள்ள கை போச்சுடா!" அந்தச் சிறுமியின் அம்மா அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தார்.

செல்வராசு கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். டிரைவரைத் தவிர அங்கே அவரை யாருக்கும் தெரியாது. என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முப்பத்தைந்து வருடம் செய்தியாளனாக இப்படிப்பட்ட கூட்டங்களின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். வாயைத் திறக்காமல் நின்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அன்றும் அப்படித்தான் நின்றேன். செல்வராசு பைக் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

டிரைவர் தலையை நிமிர்த்தியபோது அவரைப் பார்த்துவிட்டார். "அண்ணா, நீங்களே சொல்லுங்ணா. நேத்துச் சொன்னனில்லீங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். செல்வராசு சாவியைப் பையில் போட்டார்.

"அவன் மேல தப்பில்லீங்க. பிரேக்குல தப்பு ஆயில ஊத்தினது நானுங்க. அவன உடுங்க."

கூட்டம் டிரைவரை விட்டது. அதன் பிறகு செல்வராசுவுக்கு நடந்ததை எழுத விரும்பவில்லை. போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. "உனக்கு எதுக்குடா பட்டறை?" என்று ஒருவர் கேட்டபோது மட்டும், "சரிங்க," என்றார். அப்போதுதான் நான் உள்ளே போய் அவருக்கு முன்னால் நின்றேன். பத்து நிமிடம் முன்பே போயிருக்கலாம்.

எங்கள் வேனை இழுவை வண்டி வைத்து ராசிபுரத்துக்குக் கொண்டுபோனோம். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் ரப்பர்கள், குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. பதினோராயிரத்து நானூறு ரூபாய், ஐந்து நாள். திருச்செங்கோட்டில் கொடுத்ததையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சேலத்தில் கேட்டதைவிட அதிகம். கொல்லிமலை ஏறவில்லை. மாலதிதான் வேண்டாம் என்றாள். பிரேக் சரியாகிவிட்டது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "அது தெரியும்," என்றாள்.

திரும்பும் வழியில் திருச்செங்கோடு போனோம். பட்டறை பூட்டியிருந்தது. ஜாமீனில் வந்த செல்வராசு அதைத் திறக்கவில்லை என்று பக்கத்துப் பட்டறையில் சொன்னார்கள். டிரைவரைப் பள்ளி வேலையை விட்டு நிறுத்திவிட்டது. பெடல் கெட்டியானது தெரிந்தும் வண்டியை எடுத்தார் என்பது பள்ளி சொன்ன காரணம். அவர் இப்போது லாரிக்குப் போகிறார். சிறுமிக்குக் கையில் கம்பி வைத்திருக்கிறார்கள். கிடைத்த டப்பாவில் ஆயில் பிடித்து வைக்கும் வழக்கம் அந்தப் பட்டறைகளில் இப்போதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரர் தன் அலமாரியைக் காட்டினார். ஏழெட்டு டப்பாக்கள் இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று அவர் சரியாகச் சொன்னார். லேபிளோடு ஒத்துப்போனவை மூன்று.

போகிறவர்களுக்கு: திருச்செங்கோட்டில் வேலை தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், செலவும் பாதிதான். எஞ்சின் ஆயில், ஃபில்ட்டர், கிரீஸ் வேலைக்குத் தாராளமாகப் போகலாம். பிரேக் ஆயிலை மட்டும் கடையில் நீங்களே வாங்குங்கள். சீலை உங்கள் கையால் உடைத்துக் கொடுங்கள். ஊற்றிய பிறகு பெடல் வழக்கத்தைவிடக் கெட்டியானால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

எங்கள் வேனில் இப்போது பிரேக் ஆயில் நாங்களே வைத்திருக்கிறோம். தீர்ந்த டப்பாவை மாலதி அப்படியே எறிவதில்லை. அடியில் ஆணியை வைத்து மூன்று இடத்தில் ஓட்டை போட்ட பிறகுதான் குப்பையில் போடுகிறாள்.