ஏல விலைக்கு விற்ற சக்கை வற்றல்

என் வீட்டுக் கார் ஷெட்டில் இதுவரை கார் நின்றதில்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து சம்பாதித்து வந்து வாங்கப் போகிற காருக்காகக் கட்டியது. இப்போது அதில் சக்கை வற்றல் போடும் எந்திரங்கள் நிற்கின்றன. பலாவுக்கு எங்கள் ஊரில் சக்கை என்று பேர். சுளையை நறுக்க ஒன்று, பொரித்ததில் எண்ணெய் வடிக்க ஒன்று. சமுதாய மானியத்தில் வாங்கியது என்று இரண்டிலும் தகடு அடித்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் அந்தத் தகடுதான் கண்ணில் படும். எரிச்சலாக வரும்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான். யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். சிதறாலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். பி.காம். படித்த குற்றத்துக்காக நான் செயலாளர். உள்ளூரில் வேலை உண்டாக்கும் குழுக்களுக்கு மானியம் என்று நாகர்கோவிலிலிருந்து விண்ணப்பம் வந்தபோது, "நீ நாலு எழுத்து படிச்சவளாக்கும், நீயே எழுது பிள்ளே" என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இந்தப் பொருளை இதற்கு முன் என்ன விலைக்கு விற்றிருக்கிறீர்கள்? நாங்கள் அதுவரை விற்றது ஒரே இடத்தில்தான், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில். அன்றைக்கு வாழைக்குலை, சேனை, கோழி, பலகாரம் என்று அவரவர் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அந்த ஏலத்தில் பொருளுக்கும் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். ஆண்டவருக்குக் கொடுக்கிற காசு; கொஞ்சம் வீம்பும் உண்டு. எங்கள் வற்றல் பொட்டலங்களை வளைகுடாக்காரர்கள் போட்டி போட்டு ஒவ்வொன்றையும் ஐந்நூறுக்கு எடுத்திருந்தார்கள். நான் 'ஐந்நூறு' என்று எழுதினேன். பொய் இல்லையே, விற்ற விலை அதுதானே! பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒருத்திக்கும் உறைக்கவில்லை. சின்ன வயசிலிருந்தே ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா!

மானியம் வந்தது. கூடவே நிபந்தனையும் வந்தது. நாங்கள் எழுதிய விலையை வைத்தே ஆண்டு வருமான இலக்குப் போட்டிருந்தார்கள். ஒரு வருஷமாவது அந்த இலக்கைத் தொட்டால்தான் திட்டம் முடிந்ததாகச் சான்று. அதுவரை எந்திரம் என் ஷெட்டை விட்டு நகரக் கூடாது. இடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட செயலாளர் ஊரை விட்டுப் போகக் கூடாது. கடையில் எங்கள் பொட்டலத்துக்கு நூறு ரூபாய் தருவதற்கே மூக்கால் அழுதார்கள். எந்திரம் ஓடியது, பெண்களுக்குக் கூலி கிடைத்தது, இலக்கு மட்டும் எட்டாத உயரத்தில் நின்றது.

இரண்டாம் வருஷம் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் நெஞ்சில் அடைப்பு வந்தது. அங்கேயே ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருக்க, ரூமில் தங்கியிருந்த ஆட்கள் முறை வைத்து லீவு போட்டார்களாம். வீட்டு லோன் தீராமல் அவர் வேலையை விட்டு வரவும் வழியில்லை. "ஏட்டி, ஃபேமிலி விசா சரியாச்சு. ஒனக்க டிக்கெட்டுக்கு இருவத்தி மூவாயிரத்தி நானூறு தனியா எடுத்து வச்சிருக்கேன். நீ வந்து கஞ்சி வச்சுத் தந்தா போதும்" என்றார். இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் நாங்கள் ஒரு கூரைக்குக் கீழே இருந்ததை எல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் வராது. மகளையும் கட்டிக் கொடுத்தாச்சு. என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த எந்திரம் மட்டும்தான்.

நாகர்கோவிலுக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். திட்ட அதிகாரி என் மகள் வயதுப் பெண். "இலக்கு வரட்டும் மேடம், மறுநாளே சான்று தந்துடுறேன்" என்றாள். அது ஏல விலையாக்கும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், பன்னிரண்டு வீடும் தெருவில் நிற்கும். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

குழுவில் ஒருத்தியின் கணவர் கேரளாவில் கொத்து வேலைக்குப் போய் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையோடு கிடக்கிறார். குழுக் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. அவள்தான் வழி சொன்னாள். "அக்கா, ஏலத்துக்க விலைதானே அவங்களுக்கு வேணும்? ஏலம் போலவே எடுப்போம். அண்ணன் அங்க தனியா கெடக்காரு, நீங்க போணும். சான்று வந்தா எந்திரத்த எனக்க முற்றத்துல போட்டுக்கிடலாம்."

அந்தச் சக்கை சீசன் முழுக்க ஊரே ஐந்நூறு ரூபாய்க்கு வற்றல் வாங்கியது. கல்யாண வீட்டுக்காரர்கள் வாங்கினார்கள், வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெட்டி நிறைய வாங்கினார்கள். சிலர் பொட்டலத்தை எடுக்காமல் காசை மட்டும் வைத்துவிட்டு, "நல்லா போயிட்டு வா பிள்ளே" என்றார்கள். நான் ஷெட்டுக்குள் நின்று அழுதேன். பிறகு மார்த்தாண்டத்துக்குப் போய் ஒரு நீலப் பெட்டி வாங்கினேன்.

அதிகாரி வந்தாள். விற்பனை ரசீதுகளைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மலர்ந்தது. "இப்படி ஒரு குழுவ நான் பாத்ததே இல்ல மேடம்! ரெண்டாங்கட்ட நிதிக்கு உங்களத்தான் அனுப்பப் போறேன். உலர்த்துற எந்திரம், இன்னும் பத்துப் பேருக்கு வேலை. இதே இடம், இதே செயலாளர்னா இன்னைக்கே கையெழுத்து, இன்னும் மூணு வருஷம். ஆள மாத்தினா புதுசா விண்ணப்பிக்கணும், கிடைக்குமான்னு சொல்ல முடியாது."

பெண்கள் கை தட்டினார்கள். தட்டிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தனை கையும் அப்படியே நின்றன.

"அக்கா, கையெழுத்து போடண்டாம்" என்றாள், வழி சொன்னவள். சொல்லும்போது அவள் பார்வை, அதிகாரி விரித்து வைத்திருந்த உலர்த்தும் எந்திரத்தின் படத்தில் இருந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எனக்காக ஐந்நூறு ஐந்நூறாக எடுத்து வைத்தவர்களிடம் எந்த வாயால் முடியாது என்பேன்? பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "செரி" என்றார், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்து வந்த அறுப்பின் பண்டிகையில் எங்கள் வற்றல் ஏலத்துக்கு வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக வீட்டு ஆட்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏலம் கேட்பது வழக்கம். ஐந்நூறு, அறுநூறு என்று போய்க்கொண்டிருந்தபோது என் கொழுந்தன் கையைத் தூக்கினார்.

"இருவத்தி மூவாயிரத்தி நானூறு."

முற்றமே திரும்பிப் பார்த்தது. "யாருக்க பேருல மக்கா?" என்று கேட்டார் ஏலம் விளித்தவர்.

"அண்ணனுக்க பேருல. மஸ்கட்."

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். 'ஸ்தோத்திரம்' என்று சனம் ஆரவாரித்தது. அவர்களுக்கு அது காணிக்கை. அது எந்த டிக்கெட்டுக்கு எடுத்து வைத்த காசு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எடுத்தவர் ஊரில் இல்லையென்றால் பொருள் அவர் வீட்டுக்கு வரும். கொழுந்தன் பொட்டலத்தை என் கையில் தந்து, "மைனி, அண்ணன் லைன்ல இருக்காரு" என்று போனையும் நீட்டினார்.

"வத்தல் கையில கிட்டிச்சா?"

"கிட்டிச்சு."

"இங்க கொடுத்து விடண்டாம்" என்றார். "எண்ணெய்ப் பலகாரம் எனக்கு ஆவாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."