ஐநூற்றுப் பன்னிரண்டுதான் என்றவர்

போன வாரம் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். உறையைக் கிழித்ததும் வந்த பிளாஸ்டிக் வாசனையை முகர்ந்துகொண்டே கணினியில் மாட்டினேன். டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் மென்பொருள், நான் கேட்காமலே முதல் வரியில் சொன்னது: செக்டர், அதாவது டிஸ்க்கில் தகவல் பதியும் ஒரு கட்டத்தின் அளவு, 4096 பைட். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து, மாத்திரை போட்டாச்சா என்று என் மனைவி கேட்டாள்.

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் எங்கள் கம்ப்யூட்டர் இருந்த ஏசி அறையிலும் இதே வாசனைதான். கண் முகாம் நடத்தும் ஒரு டிரஸ்டில் நானும் ஆரோக்கியமேரியும் டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பயபக்தியோடு உள்ளே போவோம். பென்னாகரம், சித்தேரி பக்கம் ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, அடுத்த கண்ணுக்குக் காத்திருந்தவர்களின் பெயரும் ஊரும் அந்தப் பெட்டிக்குள்தான். கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்று செயலாளர் பழைய அட்டைகளையெல்லாம் எடைக்குப் போட்டிருந்தார். நகல் எடுத்திருக்கலாமே என்பீர்கள். ஃப்ளாப்பியை நகை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டிய காலம் ஐயா அது.

கம்ப்யூட்டரை இயக்கிய அன்றைய டாஸ் முப்பத்திரண்டு எம்பிக்கு மேல் ஒரே பாகமாகப் பார்க்காது. எங்கள் டிஸ்க் நாற்பது. விற்றவர் தனி மென்பொருள் போட்டு, வழக்கமான ஐநூற்றுப் பன்னிரண்டு பைட் செக்டர் அளவை இரட்டிப்பாக்கி, மொத்தத்தையும் ஒரே பாகமாக்கித் தந்திருந்தார். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் மெஷின் கிளம்பவில்லை. சேலத்திலிருந்து வேறொரு இன்ஜினியர் வந்தார். அந்தத் தனி மென்பொருள் இல்லாத தன்னுடைய சாதா ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை என்றார்.

"சார், இதுல செக்டர் ஆயிரத்து இருபத்தி நாலுங்க. டிஸ்க்கை வித்தவரு குடுத்த ஃப்ளாப்பி பீரோவுல இருக்குதுங்க, அதைப் போட்டாத்தான் உள்ள இருக்குறது தெரியும்" என்றாள் ஆரோக்கியமேரி.

"செக்டர்னா ஐநூத்திப் பன்னெண்டுதாம்மா. உலகம் பூரா அதான்."

அழிக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்பதற்கு ஒய் தட்டினார். செயலாளரிடமிருந்து பீரோ சாவி வந்து சேரும்வரைகூட அந்த மனிதரால் பொறுக்க முடியவில்லை! புதிதாகப் பாகம் பிரித்து, ஃபார்மட்டும் செய்துவிட்டு, டீ வாங்கி வரச் சொன்னார்.

ஞாபகத்தில் இருந்த பெயர்களை வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறி அலைந்தோம். பாதிப் பேரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த டிரஸ்ட் இப்போது இல்லை. ஏசி அறை இருந்த இடத்தில் செல்போன் கடை. உலகம் பூராவும் இருந்த ஐநூற்றுப் பன்னிரண்டும் மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. உன் செக்டர் எவ்வளவு என்று இப்போது மென்பொருளே டிஸ்க்கைக் கேட்டுக்கொள்கிறதாம். அன்றைக்கு ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லியும் கேட்க ஆளில்லை.

டிஸ்க் அழிந்த மறு வருஷம் சித்தேரியிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்தார். இன்னொரு கண்ணுக்குக் கூப்பிடுவார்கள் என்று அவருடைய அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்கு முந்தின மாதம்தான் அந்த அம்மா இறந்துபோனாராம்.

"அம்மா பேரை எடுத்துருங்க சார். அந்த எடத்துல வேற யாருக்காச்சும் பாருங்க" என்றார்.

எடுப்பதற்கு அங்கே பெயரே இல்லை.